ஸ்பர்ஸ் ரசிகனாகப் பதினெட்டு வருடம்

அமெரிக்கக் கூடைப்பந்து அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸை நான் பிடித்துக்கொண்டது 2007இல், இறுதிப் போட்டித் தொடரில் கிளீவ்லாந்தை 4-0 என்று சுருட்டிய வருடம். ஜெயிக்கிற பக்கம் சேருவது சுலபம்தானே. அடுத்த கோப்பைக்கு ஏழு வருடம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் குறை, போர் அடிக்கும். டிம் டங்கன் பலகையில் பந்தைத் தட்டி வலைக்குள் போடும் அதே ஷாட்டைப் போட்டுக்கொண்டே இருப்பார், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எனக்கு ருசி பிடிக்கவே மூன்று சீசன் ஆனது.

அப்புறம் பழங்கதையைத் தோண்டினேன். 1967இல் டல்லாஸ் சாப்பரல்ஸ் என்ற பெயரில் ஏ.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீகில் பிறந்து, அங்கே கூட்டம் சேராமல் 1973இல் ஊர் மாறி, அந்த லீகே மூடியபோது 1976இல் போட்டி லீகான என்.பி.ஏ. சேர்த்துக்கொண்ட நான்கு அணிகளில் ஒன்று இது. அதிர்ஷ்டமும் உண்டு: 1996-97இல் நட்சத்திர வீரர் டேவிட் ராபின்சன் காயத்தில் உட்கார, 20 வெற்றி, 62 தோல்வி, அந்தக் கேவலத்துக்குப் பரிசாக டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் வாய்ப்பு, அதில் வந்தவர்தான் டங்கன். ஆனால் பின்னால் நட்சத்திரங்களான ஜினோபிலியை 57ஆவது ஆளாகவும் பார்க்கரை 28ஆவது ஆளாகவும் பொறுக்கியதை அதிர்ஷ்டம் என்றால் சண்டைக்கு வருவேன்.

2013 ஜூன், மயாமியுடன் இறுதிப் போட்டித் தொடரின் ஆறாவது ஆட்டம். 28 விநாடி மிச்சம், 94-89 என்று முன்னிலை, கோப்பை கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூடக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சரி, முடிந்தது என்று ஆபீசுக்குக் கிளம்பக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் 5.2 விநாடி இருக்கும்போது ரே ஆலன் மூலையிலிருந்து போட்ட மூன்று புள்ளியால் சமன், கூடுதல் நேரம், தோல்வி. ஏழாவதும் போனது. அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் மணி அடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை.

மறு வருடம் அதே மயாமியை 4-1 என்று வென்றபோது பந்து கைமாறிய வேகம் இருக்கிறதே, இந்த அணியையா போர் என்றோம்!

2018இல் எங்கள் நட்சத்திரம் கவாய் லெனர்ட் டொரொன்டோ அணிக்குப் போனதும் இறங்குமுகம். தொடர்ந்து 22 சீசன் பிளேஆஃப் (சீசன் கடைசியில் நடக்கும் கோப்பைச் சுற்று) போன அணி, புது வீரர் வெம்பன்யாமா வந்த முதல் சீசனிலும் 22 வெற்றிதான். ஏழடி நாலங்குலப் பையன் எட்டிப் பந்தைத் தடுப்பதைப் பார்க்கவே அறுபது தோல்விக்கும் விடியற்காலையில் எழுந்தேன். 2025இல் கோச் போபோவிச்சும் விலகினார், 1996 முதல் அவர்தான். அந்த பெஞ்சில் வேறு ஆளைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.