பெரு டூர் பேக்கேஜ் – மச்சு பிச்சுல கோட்ட விட்டுட்டாங்க

காந்தல்லூர்ல உருளைக்கெழங்கும் பூண்டும் போடுற ஆளு நான், உனக்கு பெருவுல என்னய்யா வேலன்னு உடுமலை மண்டிக்காரரே கேட்டாரு. உருளைக்கெழங்கு பொறந்த ஊரு அதுதான்னு பையன் எப்பவோ சொன்னான், அதுலருந்து ஒரு தடவ பாத்துடணும்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, போன வருஷம் ஜூன்ல நானும் வீட்டம்மாவும் கெளம்பிட்டோம். கொச்சில இருக்குற ஒரு ஏஜென்சி, பேர் போடல, 12 நாள் குரூப் பேக்கேஜ், ஆளுக்கு நாலே முக்கால் லட்சம்.

விசா எங்களுக்கு பிரச்சன இல்ல. பையன பாக்கப் போனப்ப எடுத்த அமெரிக்கா விசா ஆறு மாசத்துக்கு மேல மிச்சம் இருந்ததால பெருவுக்குன்னு தனியா எடுக்க வேண்டியதில்ல. ஆனா மஞ்ச காய்ச்சல் ஊசி பத்தி ஏஜென்சிக்காரன் வாயே தொறக்கல. பெருவுலருந்து திரும்பி வர்றப்ப நம்ம ஏர்போர்ட்ல அந்த சர்டிபிகேட் கேப்பாங்க, இல்லன்னா தனியா உக்கார வச்சிருவாங்க, அதுவும் ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் செல்லும். கென்யா போயிட்டு வந்த ஒரு சேட்டன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். லட்சக்கணக்குல வாங்குறவங்க இத சொல்ல வேண்டாமா?

அடுத்த தப்பு, லிமாலருந்து நேரா குஸ்கோல கொண்டு போய் எறக்குனது. லிமா கடலோரம், குஸ்கோ 3400 மீட்டர் ஒசரத்துல இருக்குற ஊரு, நம்ம மூணாறு பக்கத்து ஆனமுடி உச்சியே 2695 தான். நான் மலைக்காரன், எனக்கு என்னன்னு நெஞ்ச நிமித்திட்டு எறங்குனேன், ஹோட்டல் படி பத்து ஏறுறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு, ராத்திரி தல வலி இடிக்குது, தூக்கம் இல்ல, வீட்டம்மா ரெண்டு தடவ வாந்தி. மொத நாள் அப்படியே கார்ல கீழ உருபம்பா பள்ளத்தாக்குக்கு போயிருந்தா 2800 மீட்டர்தான், அங்க ரெண்டு நாள் இருந்துட்டு குஸ்கோ வந்துருந்தா இவ்ளோ பாடு இல்ல. லோக்கல் கைடு தம்பியே இததான் சொன்னான், பிளான் போட்டவங்களுக்கு மட்டும் தெரியல. கோகா இல டீ குடுத்தாங்க, கொஞ்சம் பரவால்ல. அந்த எலய ஞாபகத்துக்குன்னு பைல போட்டுட்டு வந்துராதீங்க, அங்க கடைல விக்கிறாங்க, இங்க போதப்பொருள் கேஸு.

குஸ்கோல இன்காக்காரங்க, அதான் ஸ்பெயின்காரங்களுக்கு முன்னாடி அங்க ஆண்டவங்க, செஞ்ச கல்லு வேல பாத்தோம். மறையூர் முனியறைல பலகக் கல்ல சுண்ணாம்பு இல்லாம நிறுத்தி வச்சிருக்காங்கல்ல, அதுவே பெரிசுன்னு நெனச்சிருந்தேன். இங்க ஒரு சந்துல 12 மூல வச்ச ஒரே கல்லு, சுத்தி இருக்குற கல்லெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒக்காந்திருக்கு. அவங்களோட கோரிகாஞ்சாங்குற சூரியன் கோயில இடிச்சு அது மேல ஸ்பெயின்காரங்க சர்ச் கட்டுனாங்களாம், 1950 பூகம்பத்துல சர்ச் ஒடஞ்சு விழுந்துச்சு, அடில இருந்த இன்கா செவுரு அப்படியே நின்னுச்சு. நான் கல்லயே பாத்துட்டு நின்னதுல குரூப்ப விட்டுட்டேன்.

இப்ப மச்சு பிச்சு, மலை மேல இன்காக்காரங்க கட்டுன பழைய ஊரு. ஒல்லாந்தாய்தம்போலருந்து ட்ரெயின், அப்பறம் வளஞ்சு வளஞ்சு ஏறுற பஸ், எல்லாம் டைமுக்கு ஓடுச்சு. 2430 மீட்டர்தான், ஆனமுடிய விட கம்மி, மூச்சு முட்டல. ஆனா அங்க டிக்கெட்டு சர்க்யூட் கணக்கு, எந்த சர்க்யூட் எடுத்தமோ அந்த வழிலதான் போகணும். இவங்க எங்களுக்கு எடுத்தது சர்க்யூட் 1, மேல நின்னு போட்டோ எடுக்கலாம், ஊருக்குள்ள எறங்க முடியாது, இது கேட்டுக்கு வந்தப்பறம்தான் தெரியுது. அவ்ளோ தூரம் போயி கல்யாண வீட்ட வாசல்லயே பாத்துட்டு வந்த கதை. கேட்டா "வியூ இதுலதான் சார் நல்லா இருக்கும்"ங்குறான் போன்ல. நீங்க எந்த ஏஜென்சில போனாலும் சர்க்யூட் 2 போடச் சொல்லுங்க, எழுதி வாங்கிக்கோங்க.

இதுக்கெல்லாம் சேத்து 2 ஸ்டார்தான் குடுத்திருப்பேன், அந்த ஒரு நாள் மட்டும் இல்லன்னா.

பிசாக்குக்கு மேல ஒரு கிராமத்துல ஒரு ராத்திரி தங்குறது, பேக்கேஜ்ல ஒரே வரில போட்டிருந்தாங்க. மண்செங்கல் வீடு, ராத்திரி அப்பிடி ஒரு குளுரு. வீட்டுக்கார அம்மாவுக்கு கெச்சுவா மட்டும்தான் வரும், கைடு தம்பி அத இங்கிலீஷ்ல சொல்வான், எனக்கு பாதி புரியும், அத நான் தமிழ்ல வீட்டம்மாவுக்கு சொல்வேன். காலைல அந்தம்மா எங்கள பாத்து "பாப்பா, பாப்பா"ன்னு காட்டுப் பக்கம் கைய காட்டுது, வீட்டம்மா கொழந்தைய தேடுறா. அவங்க பாஷைல உருளைக்கெழங்குக்கு பேரே பப்பாவாம்!

அறுவட நேரம். பக்கத்து வீட்டுக்காரங்க ஆறேழு பேரு வந்து தோண்டுனாங்க, கூலி கெடயாது, நாளைக்கு இவங்க அங்க போவாங்க, ஐனின்னு பேரு, எங்கப்பா காலத்துல எங்க ஊர்லயும் கைமாத்தா ஆள் போறது இருந்துச்சு. அந்தம்மா போர்வைய விரிச்சு கொட்டுன கெழங்கு ஒவ்வொண்ணும் ஒரு நெறம், ஊதா, செவப்பு, கருப்பு, வெட்டுனா உள்ள வளையம் வளையமா. ஒண்ணு அன்னாசிப்பழம் மாதிரி முண்டும் முடிச்சுமா இருந்துச்சு, அதுக்கு பேரு மருமகள அழ வைக்கிற கெழங்கு, புதுசா வர்ற மருமக தோல அலுங்காம சீவிக் காட்டணுமாம். அத சொன்னதும் வீட்டம்மா கத்திய வாங்கி ஒக்காந்துட்டா, பாதி கெழங்கு தோலோட போச்சு, அந்தம்மா வயித்த புடிச்சுட்டு சிரிக்குது.

மத்தியானம் காட்டுல கெடந்த மண்ணாங்கட்டிய அடுக்கி சின்னதா ஒரு அடுப்பு கட்டுனாங்க, உள்ள தீய போட்டு கட்டி செவக்குற வர காய வச்சு, தீய எடுத்துட்டு கெழங்க போட்டு அடுப்பையே மேல இடிச்சு மூடிட்டாங்க, இதுக்கு வாத்தியான்னு பேரு. வெந்ததும் தோண்டி எடுத்து ஊதி ஊதி சாப்பிட்டோம், தொட்டுக்க அம்மி மாதிரி கல்லுல அரச்ச மொளகா துவையல், அதுல செண்டுமல்லி வாசம் அடிக்கிற ஒரு எல. சாப்பிடுறதுக்கு முன்னாடி கைடு தம்பி மூணு கோகா எலய விரல்ல புடிச்சு மலைய பாத்து ஊதுனான், மலைக்கு அப்புன்னு பேராம், அப்பறம் சோளக் கள்ளுல மொத வாய் மண்ணுக்கு ஊத்துனாங்க. எங்க முனிக்கு செய்யுறது கண்ணுல வந்து போச்சு.

அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஏத்திட்டாங்க. மராஸ் உப்புப் பாத்தி, சின்செரோல சப்பாத்திக்கள்ளி பூச்சிய நசுக்கி செவப்புச் சாயம் எடுக்குறது எல்லாம் அரமணி அரமணி நேரம். திதிகாகா ஏரி நாணல் தீவு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எறங்குனதும் விக்க வந்துட்டாங்க. சோறு பிரச்சன இல்ல, சைவத்துக்கு கீனுவா சூப்பு, சோளம், கெழங்கு, கினிப்பன்னி வறுவல் பக்கம் நாங்க போகல.

3 ஸ்டார். அந்த கிராமத்துல மூணு ராத்திரி குடுத்தா, ஊசி விஷயத்தையும் மொதல்லயே சொன்னா 5. ஜூன் 24 இந்தி ராய்மின்னு இன்கா சூரியத் திருவிழா, குஸ்கோல கூட்டம் நெரியும், அத பாக்கணும்னு இல்லன்னா அந்த வாரம் வேண்டாம்.

வெத கெழங்கு கொண்டாரக் கூடாதுன்னு தெரியும், அதனால கேக்கவே இல்ல. அந்த மண்ணாங்கட்டி அடுப்ப மட்டும் எங்க காட்டுல ரெண்டு தடவ கட்டிப் பாத்தோம், ஈர மண்ணு, மொத தடவ தீ வைக்கும்போதே சரிஞ்சுருச்சு, ரெண்டாவது தடவ மேல கருகல், அடில பச்ச. துவையல் மட்டும் கிட்டத்தட்ட வந்துருச்சு, அந்த எலைக்கு பதிலா கொத்தமல்லி போட்டுக்கிட்டோம்.