டீம்ஸ் கோப்பை எதில் திறப்பது? முதலில் பாமினியைப் பாருங்கள்

எங்கள் அலுவலகம் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறது. கள உத்தியோகத்தர்கள் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் வேலை செய்கிறார்கள். போன மாதம் மூதூரிலிருந்து ஒரு அக்கா அழைத்தார். “தம்பி, நீங்கள் போட்ட கடிதம் எனக்கு ஒரே இங்கிலீஷ் எழுத்தாய்க் கிடக்குது.” என் திரையில் அதே கடிதம் வடிவான தமிழில் இருந்தது. நான் டெஸ்க்டாப் வேர்டில் திறந்திருந்தேன், அவர் மைக்ரோசாப்டின் குழுவேலைச் செயலியான டீம்ஸுக்குள்ளேயே திறந்திருந்தார். அன்றிலிருந்துதான் கோப்பை எதில் திறப்பது என்ற தெரிவை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன்.

டீம்ஸ் அமைப்புகளில் கோப்புகளும் இணைப்புகளும் என்ற பகுதிக்குப் போனால், வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளை எப்போதும் எதில் திறப்பது என்று கேட்கும். டீம்ஸ், டெஸ்க்டாப் செயலி, பிரவுசர் என்று மூன்று விடைகள் தரும். ஆனால் போட்டி இரண்டுக்கு இடையில்தான். டீம்ஸுக்கென்று சொந்தமாக ஒரு வேர்ட் கிடையாது. அதற்குள் ஓடுவது பிரவுசரில் ஓடும் அதே வெப் பதிப்பு. ஆகவே டீம்ஸா பிரவுசரா என்பது வசதியைப் பொறுத்த விஷயம். எனக்குப் பிரவுசர் பிடிக்கும், ஏனென்றால் கோப்பு ஒரு தாவலிலும் உரையாடல் டீம்ஸிலும் தனித்தனியாக நிற்கும். வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

வெப் பதிப்பா, டெஸ்க்டாப்பா என்பதுதான் உண்மையான கேள்வி. நமக்கு அதைத் தீர்மானிப்பது எழுத்துரு.

இலங்கைத் தமிழ் அலுவலகங்களின் பழைய கடிதங்களில் பெரும்பகுதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கிறது. பாமினி, தமிழ் எழுத்துகளுக்கென்று தனிக் குறிகள் வைத்திருக்கும் யூனிகோட் முறையில் இல்லை. கோப்புக்குள் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. ‘அம்மா’ என்று நாம் பார்ப்பது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாத இடத்தில் அந்த ஐந்தும் அப்படியே வெளியே வந்துவிடும். பாமினி நிறுவிய கணினியில் டெஸ்க்டாப் வேர்ட் சரியாகக் காட்டுகிறது. எங்கள் பழைய கோப்புகள் டீம்ஸின் முன்னோட்டத்திலும் கைபேசியிலும் குழம்பித்தான் வந்தன. நிவாரணப் பட்டியலிலோ காணிக் கடிதத்திலோ ஒரு பெயரை வாசிக்க முடியாமல் போனால், அதற்காக அலைவது ஒரு குடும்பம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

யூனிகோடில் எழுதிய கோப்புக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. லதா, நிர்மலா என்று எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தாலும், அது இல்லாத இடத்தில் வேறொரு தமிழ் எழுத்துரு அந்த வேலையைச் செய்துவிடும். வரி கொஞ்சம் மாறி உடையலாம், ஆனால் எழுத்து தமிழாகவே இருக்கும். பாமினி விசைப்பலகைக்குப் பழகியவர்கள் ரெங்கநாதன் என்ற விசைப்பலகை அமைப்பில் யூனிகோட் தட்டச்சு செய்யலாம், விரல்களுக்கு அது பெரும்பாலும் பழகிய இடம்தான்.

எழுத்துருவை விட்டால் அடுத்தது வேலை. எக்செலில் மக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, ஓட வேண்டுமானால் டெஸ்க்டாப்தான், வெப் எக்செல் அதை ஓட்டாது. வேர்டில் நூறு பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எடுக்கும் மெயில் மேர்ஜும் டெஸ்க்டாப்பில்தான். எங்கள் கணக்குப் பகுதிக்கு இது இரண்டும் இல்லாமல் ஒரு நாள் நகராது. கார்த்திகை, மார்கழி மழையில் இணைப்பு அறுந்தறுந்து வரும்போதும் டெஸ்க்டாப்பே கைகொடுக்கிறது. தொடர்ந்து எழுதலாம், இணைப்பு வந்ததும் மேலே ஏறிவிடும். பிரவுசரில் இணைப்பு போனால் திருத்தமும் நின்றுவிடும்.

அப்போ எல்லோருக்கும் டெஸ்க்டாப்பே வைத்துவிடலாமா? முடியாது, உரிமம் இடிக்கும். மைக்ரோசாப்ட் 365 பிசினஸ் பேசிக்கில் வெப், கைபேசிச் செயலிகள் மட்டுமே. டெஸ்க்டாப் செயலிகள் பிசினஸ் ஸ்டாண்டர்டில் வருகின்றன. டீம்ஸில் டெஸ்க்டாப்பைத் தெரிவு செய்ய, ஆபிஸின் 16ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ நிறுவி, அதில் உள்நுழைந்தும் இருக்க வேண்டும். பழைய ஆபிஸ் 2010 கிடக்கும் கணினியில் இது சரிவராது. ஆபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். கணக்குப் பகுதிக்கும் பழைய கடிதங்களைக் கையாளும் இருவருக்கும் டெஸ்க்டாப், மற்றவர்களுக்குப் பிரவுசர். இந்தத் தெரிவு ஆளுக்கு ஆள் தனி என்பதால் ஒவ்வொருவரின் கணினியிலும் உட்கார்ந்து மாற்ற வேண்டியிருந்தது. டீம்ஸ் குழுக்களின் கோப்புகள் சேமிக்கப்படும் ஷெயார்பாயின்டில், கோப்பு நூலகத்தின் மேம்பட்ட அமைப்புகளிலும் ஆவணங்களைப் பிரவுசரில் திறப்பதா செயலியில் திறப்பதா என்று ஒரு தெரிவு உண்டு. அது ஷெயார்பாயின்ட் தளத்துக்குப் போய்த் திறப்பவர்களுக்கு. ஒரே ஒரு கோப்பை மட்டும் வேறு இடத்தில் திறக்க, அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் போதும்.

பி.டி.எஃப். விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். வின்டோஸில் இயல்புச் செயலியை மாற்றிவிட்டு, டீம்ஸ் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிறார்கள். டீம்ஸுக்குள் சொடுக்கிய பி.டி.எஃப். டீம்ஸின் காட்டியிலேயே திறக்கும். வின்டோஸ் தெரிவு வேலை செய்ய, நூலகத்தை ஒன்ட்ரைவ் மூலம் கணினியோடு ஒத்திசைத்து, பைல் எக்ஸ்புளோரரிலிருந்து திறக்க வேண்டும்.

மூதூர் அக்காவுக்குக் கடைசியில் அந்தக் கடிதத்தை வேர்டிலிருந்து பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்பினேன். எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடுவதால் அவருடைய கைபேசியில் தமிழாகவே வந்தது. ஆனால் அதில் ஒரு பெயரைத் தேடினாலோ நகலெடுத்தாலோ மறுபடி அந்த ஆங்கில எழுத்துகள்தான் வரும். அதனால் அடிக்கடி எடுக்கிற கடிதங்களை வாரத்துக்குப் பத்தாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம். மாற்றி முடித்தவற்றை டீம்ஸில் தனிக் கோப்புறையில் போடுகிறேன். அந்தக் கோப்புறையை யார் எதில் திறந்தாலும் எனக்கு அழைப்பு வருவதில்லை.