திரையில் டாக்டர் சரி, நோயாளி பக்கத்தில் யார்?

டெலிமெடிசின் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வீட்டிலிருந்தபடியே போனில் டாக்டரைப் பார்ப்பது. இன்னொன்று, பக்கத்து ஊரில் உள்ள சிறிய மையத்துக்குப் போய், அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் நம்மைப் பரிசோதிக்க, அந்த விவரங்களை வைத்துக்கொண்டு தூரத்தில் இருக்கும் டாக்டர் திரையில் பேசுவது. என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

முதல் வகைக்கு அரசின் இ-சஞ்சீவனி ஓபிடி (வெளிநோயாளி சேவை) நல்ல உதாரணம். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் வந்தது. போன் நம்பர், ஓடிபி, டோக்கன், கொஞ்சம் காத்திருப்பு, அப்புறம் வீடியோவில் டாக்டர். மருந்துச் சீட்டும் போனுக்கே வந்துவிடும், கட்டணம் கிடையாது. சளி, தோல் அரிப்பு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரு சந்தேகம், இதற்கெல்லாம் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வயிற்று வலி என்றால்? கையை வைத்து அழுத்திப் பார்க்காமல் வாயுத் தொல்லையா குடல்வாலா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகளும் இதை உணர்ந்தவைதான்: முதல்முறை பேசும்போது வீடியோ இல்லாமல் வெறும் குரலில் பேசினால் மிகச் சாதாரண மருந்துகளை மட்டுமே எழுதலாம், போதை வகை மருந்துகளை எப்படிப் பேசினாலும் எழுதக் கூடாது. (நெஞ்சு வலிக்கு இரண்டு வகையுமே வேண்டாம், நேராக 108.)

இரண்டாவது வகைக்கு அரவிந்த் கண் மருத்துவமனையின் விழி மையங்களைப் பாருங்கள். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகாமல், சிற்றூரிலேயே ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துக் கண்ணைப் பார்த்து, அழுத்தம் அளந்து, பவர் சோதித்துவிடுகிறார்கள். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியிடமே பேசுகிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே முடிந்துவிடும், கண்புரை அறுவை என்றால் மட்டும் பயணம். கண் அழுத்தத்தைப் போன் கேமராவை வைத்து அளக்க முடியாது, அதுதான் விஷயம். அதோடு ஓடிபி வந்ததா என்று யாரையாவது கேட்க வேண்டிய நிலையில் உள்ள பெரியவர்களுக்கும் இதுதான் ஒத்துவரும்.

இ-சஞ்சீவனியிலும் இந்த வழி உண்டு, அதுதான் 2019 நவம்பரில் முதலில் வந்ததும்கூட. சுகாதார நிலையத்தில் இருப்பவர் பிரஷர், சுகர் பார்த்துவிட்டுத் திரையில் டாக்டரை அழைப்பார். அவரே சோதிக்காமல் வெறுமனே போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் வீட்டிலிருந்து பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

செலவு என்று வந்தால் முதல் வகை ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஒரு ஆப்பை வெளியிட்டால் ஊரெல்லாம் போய்விடும். மையத்துக்கோ இடம் வேண்டும், கருவி வேண்டும், ஆள் வேண்டும். அரவிந்தில் கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துத்தான் இந்த வேலைக்கு உட்கார வைக்கிறார்கள்.