சைதாப்பேட்டைக்கும் மாம்பலத்துக்கும் நடுவே: பதற்ற நோயும் சிகிச்சையும், என் இரண்டரை ஆண்டு அனுபவம்

2022 ஆகஸ்டில் ஒரு நாள் காலை, நான் குரோம்பேட்டையில் ஏறிய சென்னை பீச் ரயில் சைதாப்பேட்டைக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. சிக்னல்தான், ஐந்து நிமிடம்கூட இருக்காது. பெண்கள் பெட்டியில் நிற்கவே இடமில்லை. திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போகாத மாதிரி இருந்தது. இங்கேயே செத்துவிடப் போகிறேன் என்று உறுதியாக நம்பினேன். மடியில் பூ வைத்துக் கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "என்னம்மா, காலையில சாப்பிடலையா?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

மாம்பலத்தில் இறங்கி நேராக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாமே சரியாக இருந்தன. "ஒண்ணுமில்லை, கேஸ்தான். டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த நான்கு மாதத்தில் இன்னும் மூன்று ஈசிஜி எடுத்தேன். அம்மா ஊரிலிருந்து வந்து மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அந்த "ஒண்ணுமில்லை"தான் என்னை மிகவும் வதைத்தது. இதயத்தில் கோளாறு இல்லை என்பது உண்மை. ஆனால் என் உடம்பில் நடந்ததும் உண்மைதானே?

முதலில் ரயிலை விட்டேன். அப்புறம் கூட்டமான பஸ், லிஃப்ட், கோயில் வரிசை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தேன். பாரிமுனை அலுவலகத்துக்கு ஆட்டோவில் போய்ச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கரைத்தேன். பையில் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டேன். இதெல்லாம் என்னைக் காப்பாற்றுகின்றன என்று நினைத்திருந்தேன்.

டிசம்பரில்தான் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் இது பதற்ற நோய் என்று சொல்லி, பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னது நல்லதாகப் போயிற்று. முதல் பத்து நாள் குமட்டல்தான் மிச்சம். கூடவே, மாத்திரை இல்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தரும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். இங்கே ஒரு வார்த்தை: எந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போனாலும் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

முதல் நாள் அந்த சைக்காலஜிஸ்ட் மேடம் ஒரு தாளில் வட்டம் வரைந்தார். நெஞ்சு லேசாகப் படபடக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனசு சொல்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. படபடப்பு இன்னும் கூடுகிறது. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைவதால்தான் விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும். இதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். அத்தனை மாதத்தில் முதல் முறையாக ஒருவர் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லாமல் விளக்கிச் சொன்னார்.

அவர் தந்த சிகிச்சையின் பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிட்டு வருவதுதான் சிகிச்சை என்று எண்ணியிருந்தேன். இது அப்படியில்லை, நிறைய வீட்டுப்பாடம் உண்டு. மூன்றாவது வாரம், நான் பயப்படும் மூச்சுமுட்டலை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பதற்காக, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவைக் கையில் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். அதற்கு முன் நோட்டில் எழுத வேண்டும்: 'என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்? எத்தனை சதவீதம் நம்புகிறாய்?' 'மயங்கி விழுவேன், 90' என்று எழுதினேன். முப்பதாவது நொடியில் ரயிலில் வந்த அதே மூச்சுமுட்டல் வந்தது. விழவில்லை. அன்று ஐந்து முறை செய்தேன், கடைசியில் எழுதியது 40. ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக இதை முயல வேண்டாம். சிகிச்சையாளர் முதலில் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அப்புறம் ரயில். குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம், ஒரே ஒரு ஸ்டேஷன், கூட்டமில்லாத மதியம், கணவர் துணைக்கு. அடுத்த படி அவர் இல்லாமல். அதற்கடுத்தது பாட்டில் இல்லாமல். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பயம் வந்தால் இறங்கக் கூடாது, அது தானாக ஏறி இறங்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். இறங்கி ஓடிய ஒவ்வொரு முறையும் 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று என் மூளைக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது பல்லாவரம் பிளாட்பாரத்தில்தான் புரிந்தது. காலை நெரிசலில் பீச் வரை போக ஐந்து மாதம் ஆனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு அமர்வுக்கு 1,200 ரூபாய், மொத்தம் 18 அமர்வுகள். மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், என் பாலிசி மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். கையில் பணமில்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ரயில் படிகளில் ஏறத் தைரியம் வராத ஒரு ராத்திரி நானே அழைத்திருக்கிறேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

2024 தொடக்கத்தில் அப்பா ஐசியூவில் இருந்தபோது எல்லாம் திரும்ப வந்தது. சிகிச்சையே வீண் என்று இரண்டு நாள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பழைய நோட்டை எடுத்துப் பல்லாவரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை மூன்றே வாரம். மாத்திரையை அந்த ஆண்டு கடைசியில், மருத்துவர் சொன்ன கணக்குப்படி பல மாதங்களில் மெதுவாகக் குறைத்து நிறுத்தினேன். யாரும் திடீரென்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சு இன்னும் சில நாள் படபடக்கும். நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பேன். நோட்டில் ஒரு படி மட்டும் பாக்கி: மெட்ரோ. சின்னமலை தாண்டியதும் வண்டி தரைக்கடியில் இறங்கிவிடும். சைதாப்பேட்டை வரை இரண்டு முறை போய் வந்துவிட்டேன். வரும் சனிக்கிழமை தேனாம்பேட்டை.