ஆஸ்திரேலியாவில் தூதரின் உரைப்பயணம்: இரண்டு நகரமா, ஐந்து நகரமா?

தலைமைத்துவம், பாதுகாப்பு பற்றிப் பேச வரும் தூதருக்கு ஆஸ்திரேலியாவில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சிட்னியும் கான்பெராவும் மட்டும். சிட்னி பிளை தெருவில் 2003-இல் தொடங்கிய, வெளியுறவுக் கொள்கையை ஆராயும் லோவி நிறுவனத்தில் ஒரு உரை, சுமார் 280 கி.மீ. தள்ளி கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. காரில் மூன்று மணி நேரம்தான். இரண்டே நாளில் முடித்துவிடலாம். கொள்கை வகுப்போரும் செய்தியாளர்களும் கூடுவது இங்கேதான். மறுநாள் செய்தி வர வேண்டுமென்றால் இது போதும்.

இரண்டாவது, இந்த இரண்டு நகரங்களோடு, ஆஸ்திரேலிய சர்வதேச விவகார நிறுவனத்தின் மாநிலக் கிளைகள் வழியாக மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் எனச் சுற்றுவது. அலைச்சல் அதிகம். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு மட்டுமே ஐந்து மணி நேர விமானம். கோடையில் மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. போய் இறங்கிய அன்றே மாலை உரை வைத்தால் பேச்சாளர் துவண்டுபோவார். ஒரு இரவு ஓய்வு கட்டாயம்.

ஆனாலும் என் மனம் இதற்கே சாய்கிறது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் 2021-இல் அறிவித்த ஆக்கஸ் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் நீர்மூழ்கிகளில் ஒரு பகுதி அடிலெய்டின் ஆஸ்போர்னில் கட்டப்படவிருக்கிறது. பெர்த் அருகே கடற்படைத் தளமே இருக்கிறது. அங்கே முன்வரிசையில் ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் எழுந்து, "எங்கள் துறைமுகத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால், தூதர் கையிலுள்ள குறிப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்காகவே கூடுதல் டிக்கெட் போடலாம்.