இரண்டு லட்சம் சீட்டா, எழுபத்தைந்தாயிரம் சீட்டா?

அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 172. போன ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்களை விரித்து வைத்திருந்தாள். ஒன்று, ஓஎம்ஆர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆண்டுக்கு 2 லட்சம். இன்னொன்று, அரசு கவுன்சலிங்கில் கிடைக்கக்கூடிய ஒரு சுயநிதிக் கல்லூரி. பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 75,000.

"முதல் காலேஜ்ல பன்னிரண்டு லட்சம் சம்பளத்துக்கு ஆள் எடுக்கறாங்க மாமா" என்றாள்.

எடுத்திருப்பார்கள், ஒருவரையோ இருவரையோ. பேனரில் அவர்கள் படம்தான் வரும். வகுப்பில் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதே நமக்கு வேண்டிய தகவல். பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள் புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தருகின்றன. பத்து வருடத்துக்கு முன்பும் ஏறக்குறைய இதே தொகைதான். பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கடன். கல்விக் கடனில் படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். பலர் இதை 'வட்டி கிடையாது' என்று புரிந்துகொள்கிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வருடத்துக்கு 2 லட்சமாக 8 லட்சம் வாங்கி, 10 சதவீத வட்டி என்று போட்டால், தவணை தொடங்கும்போது தனிவட்டியே 2.8 லட்சம் ஏறியிருக்கும். ஆக 10.8 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 14,300. இருபத்தைந்தாயிரத்தில் மீதி 10,700. அதில்தான் பிஜி வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம். தவணையைப் பதினைந்து வருடமாக நீட்டினால் 11,600-க்கு இறங்கும். ஆனால் மொத்தம் கட்டி முடிக்கும்போது 21 லட்சத்தை நெருங்கும். வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்று மச்சான் கேட்டார். மூன்றரை லட்சம் சம்பளத்துக்கு வரியே வராது, எதில் கழிப்பது?

இதற்கு மேல் டொனேஷன் வேறு. 1992-லேயே தமிழ்நாட்டில் தடைச்சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ரசீது இல்லாமல் ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். ரசீது இல்லாததற்கு பேங்க் கடன் தராது. அக்காவின் வளையல்தான் அடகுக் கடைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது தாளுக்கும் அதே கணக்கைப் போட்டேன். மொத்தக் கடன் 3 லட்சம், வட்டியோடு 4.05 லட்சம், மாதத் தவணை 5,350. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 4 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து ஜாமீன் கிடையாது, நம் பங்காகவும் எதுவும் போட வேண்டாம். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் கவுன்சலிங் சீட்டுக்கு அரசின் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. இந்தக் கணக்கில் அதைக் கழிக்கவே இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீடு இவளுக்கு இல்லை. அரசுப் பள்ளியில் படித்து அந்த ஒதுக்கீட்டில் வருபவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவர்கள் கடன் பக்கமே போக வேண்டியதில்லை.

ஒருவேளை முதல் கல்லூரியில் படித்து நிஜமாகவே ஏழு, எட்டு லட்சம் சம்பளம் வந்தால்? அப்போது 14,300 பெரிய சுமையில்லை. ஆனால் கோடிங் நன்றாக வரும் பிள்ளைக்கு அந்தச் சம்பளம் இரண்டாவது கல்லூரியிலிருந்தும் வரலாம். வராமல் போனால் எந்தக் கடனைத் தாங்க முடியும் என்பதுதான் என் கேள்வி. 2022-இல் முடித்த பலர் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தவணைத் தேதி அதற்காகக் காத்திருக்காது. தவறினால் கூட்டுக் கடன்தாரரான அப்பாவின் சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) சேர்ந்து விழும்.

மூன்றாவது வழி ஒன்றும் பேசினோம்: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., கூடவே ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டம். கடன் அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் வாரா வாரம் அசைன்மென்ட், நேரில் போய் எழுதும் தேர்வு என்று இரட்டைச் சவாரி, எல்லாராலும் ஆகாது. சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் நடத்தும் பள்ளியில் கட்டணமே இல்லை, உதவித்தொகையும் தருகிறார்கள். டிகிரி கிடையாது என்றதும் அக்கா முகம் மாறிவிட்டது, அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

என் ஓட்டு இரண்டாவது தாளுக்கு. அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தாலும் சரி.

கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு சீனியரையாவது பிடித்து, எத்தனை பேருக்கு ஆஃபர் வந்தது என்று கேட்டுவிட்டு, அப்புறம் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்றும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.