குட்டியானையா, பிக்கப்பா? ஏற்காட்டிலிருந்து பைக் இறக்குகிறவன் கணக்கு

கோரிமேட்டில் எனக்கு ஒரு சின்ன பைக் ஒர்க்‌ஷாப். ஏற்காடு போகிற வழி என்பதால் மலையில் மடங்கிப்போகும் வண்டிகளில் பாதி என்னிடம்தான் வந்து சேரும். சனி, ஞாயிறு என்றால் கிளட்ச் கருகிய வண்டி, செயின் அறுந்த வண்டி, வளைவில் படுத்து, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கோணிப்போன வண்டி. வாரநாளில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்களின் பழைய ஆர்எக்ஸ், எக்ஸ்எல். "அண்ணா, பதினாலாவது வளைவுல நிக்கிறேன், வண்டி நகரவே மாட்டேங்குது" என்று போன் வந்தால் ஏதாவது ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போயாக வேண்டும்.

ரொம்ப நாள் வாடகை வண்டியில்தான் ஓட்டினேன். இரண்டு வருடம் முன்பு சொந்தமாக வாங்கலாம் என்று கிளம்பியபோது வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. என் மச்சான் செவ்வாய்ப்பேட்டைக்கு மூட்டை அடிக்கும் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறார். "மாப்ள, வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு. நாளைக்கு வேற லோடும் அடிக்கலாம்" என்றார். நான் பழைய டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானையை வாங்கினேன். அவர் இன்னும் அதை முழுதாக மன்னிக்கவில்லை.

முதலில் சுலபமாகத் தெரிகிற விஷயங்களை முடித்துவிடுகிறேன். எஞ்சினில் போட்டியே கிடையாது. ஏஸில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர். பிக்கப்பில் 2,523 சிசி, நான்கு சிலிண்டர். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. பிக்கப் அதை மூச்சு வாங்காமல் ஏறும். குட்டியானை ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரைக் கேட்கும், பின்னால் வருகிற கார்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். ஆனால் என் தொழிலில் ஏறும்போது வண்டி காலி, இறங்கும்போதுதான் பாரம். சரிசெய்த பைக்கை அதன் சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறார். அதனால் எஞ்சின் பலத்துக்கு நான் மதிப்பெண் போடவில்லை. பிரேக்குக்குத்தான் போட்டேன், அது இரண்டிலும் பராமரிக்கிறவன் கையில் இருக்கிறது.

இடத்திலும் பிக்கப்தான் தாராளம். ஏஸில் சரக்கு ஏற்றும் தொட்டி ஏறத்தாழ 7.2 அடி நீளம், 4.9 அடி அகலம். ஒன்றின் முகமும் மற்றதன் வாலும் ஒரே பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினால் இரண்டு பைக் நிற்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்தால் பின்கதவு ஒட்டி மூடும். பழைய 411 சிசி ஹிமாலயன் 2,190 மில்லிமீட்டர், தொட்டி 2,200. கணக்குப்படி உள்ளே போக வேண்டும். கோணலாக நிறுத்தாமல் எனக்கு ஒருமுறையும் கதவு மூடியதில்லை. பிக்கப்பில் இந்தத் தொல்லை இல்லை, மூன்று பைக்கைத் தாராளமாக நிறுத்தலாம்.

அப்புறம் ஏன் குட்டியானை? தொட்டியின் தரை உயரம். இந்த ஒன்றுக்காகத்தான் வாங்கினேன்.

மூட்டை ஏற்றுகிறவருக்கு அரையடி, முக்கால் அடி உயரம் பெரிய விஷயமாகத் தெரியாது. தோளில் வைத்து வீசிவிடுவார். பைக்கை வீச முடியாது. உருட்டித்தான் ஏற்ற வேண்டும். டேப் வைத்து அளந்து பார்த்தேன். என் வண்டியின் தரை இரண்டேகால் அடி, மச்சான் வண்டியினுடையது கிட்டத்தட்ட மூன்று அடி. என்னிடம் இருப்பது ஏழு அடிப் பலகை. உயரத்தைப் பலகையின் நீளத்தால் வகுத்து, பைக்கின் எடையால் பெருக்கினால் எவ்வளவு பாரத்தைத் தள்ளுகிறோம் என்பது வந்துவிடும். கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. குட்டியானையில் சுமார் 63 கிலோ, பிக்கப்பில் 84 கிலோ. அந்த 21 கிலோதான் நான் தனியாகப் போகலாமா, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது. ஸ்ப்ளெண்டர் மாதிரி 112 கிலோ வண்டியென்றால் இரண்டிலுமே ஒருவன் சமாளித்துவிடலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தள்ளுவதோடு முடிவதில்லை. பைக் பலகையில் ஏற ஏற ஹேண்டில் உயர்ந்துகொண்டே போகும், நாம் தரையிலேயே நிற்போம். குட்டியானையில் முன்சக்கரம் மேலே போய்ச் சேரும்போது புல்லட்டின் ஹேண்டில் என் கண் மட்டத்துக்கு வந்திருக்கும். பக்கத்தில் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஒரு கால், தொட்டியில் ஒரு கால் என்று கூடவே ஏறிவிடலாம். மூன்று அடி உயரத்தில் ஹேண்டில் தலைக்கு மேலே போய்விடும், கிரேட் ஒன்று பற்றாது. அந்த நேரத்தில் வண்டி உங்கள் பக்கம் சாய்ந்தால் பிடிக்கத் தோளில் பலமே இருக்காது. நாகலூர் ரோட்டில் வாடகை பிக்கப்பில் ஒரு புல்லட் ஏற்றும்போது எனக்கு இது நடந்தது. தப்பு என்னுடையதுதான்: பலகையின் மேல்முனையைக் கட்டாமல் சும்மா சாத்தி வைத்திருந்தேன். சக்கரம் விளிம்பில் ஏறும்போது பலகை பின்னால் நழுவியது. வண்டி கீழே, கூட வந்த பையனின் முழங்கால் வண்டிக்கு அடியில். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பத்து நாள் அவன் நொண்டியதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அன்றிலிருந்து பலகையின் மேல்முனையில் இரும்புக் கொக்கி அடித்து, தொட்டியின் வளையத்தோடு கட்டாமல் சக்கரத்தை வைப்பதில்லை.

சரிவு செங்குத்தானால் இன்னொரு சிக்கல். முன்சக்கரம் தொட்டிக்குள்ளும் பின்சக்கரம் பலகையிலும் இருக்கிற நேரத்தில் நடுவில் தொட்டியின் விளிம்பு மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். புல்லட்டின் சென்டர் ஸ்டாண்டு அதில் போய் உட்கார்ந்துவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. சைலன்சரைக் கீறிய கதைகளும் உண்டு. சரிவைக் குறைக்கப் பலகையை நீட்டலாமே என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. பிக்கப்பில் அதே 63 கிலோவுக்கு வர ஒன்பதரை அடிப் பலகை வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு நடுவில் தொய்யாத பலகையென்றால் அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். மலையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் பலகை ஒன்றை அறுத்து வாங்கிப் பார்த்தேன், ஒரு மழைக்காலத்தில் வெடித்துவிட்டது.

பிக்கப் பக்கம் ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மலையில் பாதை ஓரம் மண் திட்டும் கல்கட்டும் நிறைய. பின்பக்கத்தைத் திட்டோடு ஒட்டி நிறுத்தினால் பலகையே இல்லாமல் பைக்கை நேராக உருட்டிவிடலாம், அப்போது தரை உயரம் ஒரு பொருட்டே இல்லை. எஸ்டேட்டுக்குள் போய் ஏற்றும்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பைக் நின்றுபோகிற இடத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. பதினாலாவது வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர், நடுவில் பேருந்து. அங்கே ஐந்து நிமிடத்துக்குள் ஏற்றிக் கிளம்ப வேண்டும். ஒரே வழி, ரோட்டின் சரிவைச் சாதகமாக்கிக்கொள்வது: குட்டியானையின் முகம் கீழ்நோக்கி, வால் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் பலகையின் சரிவு குறைந்துவிடும். கையிலேயே தள்ளி ஏற்றிவிடலாம்.

இறக்கும்போது முன் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். பின்னோக்கி இறங்குகிற வண்டியில் பாரமெல்லாம் பின்சக்கரத்தில் இருக்கும், முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். எஞ்சின் ஓடாவிட்டாலும் முதல் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு விட்டுப் பிடியுங்கள், அதுவே பிரேக். கியர் வண்டிக்குத்தான் இது. ஸ்கூட்டருக்குப் பின் பிரேக்கும் இரண்டு ஆளும்தான் வழி.

கட்டுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். நேராக நிமிர்த்தி, முன்சக்கரத்தைக் கேபின் சுவரோடு முட்டக் கொடுங்கள். மலை இறங்கும்போது பாரம் முன்னால்தான் போகும், அந்தச் சுவர் தாங்கும். நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டை ஹேண்டில் பிடியில் மாட்டாமல் அதற்குக் கீழே ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்பில் மாட்டி, ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இழுங்கள். நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீளும், பத்தாவது வளைவு வருவதற்குள் தொளதொளவென்று ஆகிவிடும். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு: ஆயிரம் கிலோவுக்கு மேல் சுமக்கச் செய்த பிக்கப்பின் பட்டை ஸ்பிரிங், ஒரே ஒரு பைக்கை ஏற்றினால் அமுங்காது. குழியில் பைக் துள்ளும், பெல்ட் தளரும். பாரம் முழுதாக இருந்தால் இந்தக் குறை தெரியாது.

காகித விஷயம் பலர் கேட்கிறார்கள். இரண்டுமே மொத்த எடையில், அதாவது வண்டியும் லோடும் சேர்த்து, 7,500 கிலோவுக்கு உட்பட்டவை, கார் ஓட்டும் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. குட்டியானை அதற்குள் அடங்கும். பெரிய பிக்கப் சில அடங்காது, வாங்கும்போது ஆர்சியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்களும் உண்டு. நெடுந்தூரம் குட்டியானையில் இரண்டே தடவைதான் போனேன், இரண்டும் பெங்களூர். நெடுஞ்சாலையில் அது காதைக் குடைந்தது, திரும்பி வரும்போது இடுப்பு தனியாகப் பேசியது. வாரம் ஒருமுறை அப்படி ஓட வேண்டியவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். திருப்பி விற்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு நான் சாட்சி இல்லை, இன்னும் விற்கவில்லை. பிக்கப் விலை இறங்காது என்று மச்சான் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அவரும் விற்றதில்லை.

ஷோரூம்காரர் ஒருவருக்காக மாதம் ஒருமுறை மூன்று, நான்கு வண்டி சேர்த்து எடுத்துவர வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் மச்சானின் பிக்கப்பைத்தான் கேட்டு வாங்குகிறேன். டீசல் என் செலவு. கொக்கி அடித்த பலகையோடு தங்கச்சி மகனையும் ஏற்றிக்கொண்டு போவேன். "ரெண்டு ஆளா? அவ்வளவு பெரிய வண்டிக்கா?" என்று மச்சான் சாவியைக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பார்.